ஆறு மாதக் கெடுவும் ஒரு சபை மண்டபமும்: ஜெர்மனியின் தேவாலய அடைக்கலம் இயங்கும் விதம்

நாடு கடத்தப்படவிருந்த ஒரு குடும்பம் ஜெர்மனியில் ஒரு தேவாலயத்துக்குள் தங்கியிருக்கிறது. இடம் தெரிந்தும் போலீஸ் உள்ளே போகவில்லை. சில மாதம் கழித்து இன்னொரு ஊரில் அதே போலீஸ் சபை வளாகத்துக்குள் நுழைந்து ஆளை அழைத்துப் போகிறது. இரண்டு செய்திகளையும் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். தேவாலயம் சட்டம் செல்லாத இடமா? அப்படியென்றால் இரண்டாவது சம்பவம் எப்படி நடந்தது? அப்படி இல்லையென்றால் முதல் ஊரில் போலீஸ் ஏன் சும்மா இருந்தது?

சட்டம் செல்லாத இடம் என்று ஜெர்மனியில் எதுவும் கிடையாது. தேவாலயத்துக்குள் நுழையக் கூடாது என்று எந்தச் சட்டப் பிரிவும் சொல்லவில்லை. நுழையாமல் இருப்பது அரசு தானாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். அந்த வழக்கத்தோடு ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு காலக்கெடுவும் சேரும்போதுதான் தேவாலய அடைக்கலம் பயன் தருகிறது. ஆகவே கெடுவிலிருந்து தொடங்குவோம்.

டப்ளின் விதி என்ன சொல்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் ஓர் ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன. அகதி விண்ணப்பம் ஒன்றை இவற்றில் ஒரு நாடுதான் விசாரிக்க வேண்டும். எந்த நாடு என்று முடிவு செய்வது டப்ளின் விதி. இன்றைய சர்ச்சைகளெல்லாம் அதன் மூன்றாம் வடிவமான 604/2013 எண் கொண்ட ஒழுங்குவிதியைச் சுற்றி எழுந்தவை.

விண்ணப்பித்தவருக்கு எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாடு பொறுப்பு. விசா இல்லாவிட்டால், பெரும்பாலும் அவர் எந்த நாட்டு எல்லை வழியாக முதலில் உள்ளே வந்தாரோ அந்த நாடு பொறுப்பு. குடும்பத்தார் ஏற்கனவே ஒரு நாட்டில் இருந்தால் கணக்கு மாறும். சான்றாக நிற்பது பெரும்பாலும் கைரேகை. 14 வயது நிறைந்த எவருடைய கைரேகையும் யூரோடாக் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் ஏறும். குரோஷியாவிலோ பல்கேரியாவிலோ ரேகை பதிவாகியிருந்தால், ஜெர்மனியில் விண்ணப்பம் போட்டதும் அது தெரிந்துவிடும்.

அதன்பின் நடப்பது இது. ஜெர்மனியின் கூட்டரசு அகதிகள் அலுவலகம் (சுருக்கமாக பாம்ஃப்) அந்த நாட்டுக்குக் கோரிக்கை அனுப்பும். அங்கே ஏற்கனவே விண்ணப்பம் போட்டிருப்பதை யூரோடாக் காட்டினால், 2 வாரத்தில் பதில் வர வேண்டும். பதிலே வராவிட்டாலும் ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள். அந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஜெர்மனி ஆளை அனுப்பி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் பொறுப்பு ஜெர்மனிக்கே வந்து சேரும். ஆள் சிறையில் இருந்தால் கெடு 12 மாதமாகும். தலைமறைவானால் 18 மாதமாகும்.

இந்த 6, 18 என்ற இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். ஒருவரை ஒரு சபை சில வாரமோ சில மாதமோ தன் கூரையின் கீழ் வைத்துக் காத்தால், 6 மாதக் கெடு தீர்ந்துபோகும். அதற்குப் பின் அவருடைய கதையை ஜெர்மன் அதிகாரிகளே கேட்டாக வேண்டும். அடைக்கலத்தால் கிடைப்பது அவ்வளவுதான். அகதி அந்தஸ்து கிடைப்பதில்லை. விசாரணைக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. பலர் நினைப்பதைவிட இது சிறிய லாபம்.

விசுவாசம் எந்த இடத்தில் வருகிறது

இதற்கு வேதாகமத்தில் வேர் தேடுவோர் எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தின் அடைக்கலப் பட்டணங்களைக் காட்டுவார்கள். கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன் பழிவாங்குபவன் கைக்குத் தப்பி ஓடிச் சேர ஆறு பட்டணங்கள். யோர்தானுக்கு இப்புறம் மூன்று, அப்புறம் மூன்று. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பட்டணம் குற்றவாளியை விடுவிக்கவில்லை. சபைக்கு முன்பாக நியாயம் விசாரிக்கப்படும்வரை உயிரைக் காத்தது. இன்றைய அடைக்கலமும் ஏறக்குறைய அதையே செய்கிறது: தீர்ப்பை மாற்றாமல், அவசரத்தைத் தடுக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் ஆலய அடைக்கலம் உண்மையாகவே சட்ட உரிமையாக இருந்தது. இங்கிலாந்து அதை 17ஆம் நூற்றாண்டில் ஒழித்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அதற்கு ஒரு பிரிவு இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அது இல்லை. அதே 1983இல்தான் பெர்லினில் அது வேறு வடிவில் மறுபடி தொடங்கியது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 30 அன்று, துருக்கியிடம் ஒப்படைக்கப்படுவோம் என்ற அச்சத்தில் இருந்த ஜெமால் கெமால் அல்துன் என்ற 23 வயது இளைஞர், பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தின் ஆறாம் மாடி ஜன்னலிலிருந்து குதித்து இறந்தார். நகரம் குலுங்கிப்போனது. சில வாரங்களில் க்ராய்ஸ்பெர்க் பகுதியின் திருச்சிலுவை ஆலயச் சபை, லெபனானுக்கு அனுப்பப்படவிருந்த பாலஸ்தீனக் குடும்பங்களைத் தன் வளாகத்தில் தங்கவைத்தது. 1994இல் இத்தகைய சபைகள் சேர்ந்து நாடளாவிய ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. புராட்டஸ்டண்ட் சபைகளும் கத்தோலிக்கப் பங்குகளும் துறவு மடங்களும் அதில் அடக்கம்.

"விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்" என்ற யாக்கோபின் வரியை இந்தச் சபைகள் எடுத்துக்காட்டுவது எதிர்பார்க்கக்கூடியதே. எதிர்வாதமும் வேதாகமத்திலிருந்தே வரும்: மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிறது ரோமர் 13. ஜெர்மன் லூத்தரன் மரபில் அரசுக்குக் கீழ்ப்படிதல் ஆழமாக ஊறிய பழக்கம்; ஹிட்லர் காலத்தில் அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதும் அந்தச் சபைகளுக்கு மறக்கவில்லை. 1933 ஏப்ரலில் ஜெர்மன் லூத்தரன் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் அரசின் முன் திருச்சபை செய்யக்கூடியவற்றை மூன்றாக வகுத்தார். நீ செய்வது நியாயமா என்று அரசைக் கேட்பது ஒன்று. அரசின் செயலால் அடிபட்டவருக்கு உதவுவது, அவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், இரண்டு. நசுக்கும் சக்கரத்தையே நிறுத்துவது மூன்று.

தேவாலய அடைக்கலத்தைச் சட்டமறுப்பு என்று கண்டிப்பவர்கள் அதை மூன்றாவது வகையில் சேர்க்கிறார்கள். என் கணிப்பில் அது முதல் இரண்டையும் தாண்டுவதில்லை. சபை ஆளை ஒளிப்பதில்லை; முகவரியோடு அரசுக்கு எழுதுகிறது, மறுபரிசீலனை கேட்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறது. சக்கரம் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. இந்த வெளிப்படைத்தன்மை போய்விட்டால் மிஞ்சுவது சாதாரணத் தலைமறைவு. 18 மாதக் கெடு.

ஒரு சபை செய்ய வேண்டியவை

வரிசை முக்கியம். இடம் மாறினால் பாதிக்கப்படுவது தங்க வந்தவர்.

1. கெடுவைக் கணக்கிடுதல். பாம்ஃப் முடிவுக் கடிதத்தையும் கோப்பையும் பார்த்து, மற்ற நாடு ஏற்ற தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தேதியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மார்ச் 10 அன்று ஏற்பு என்றால் கெடு செப்டம்பர் 10. ஆனால் முடிவுக் கடிதம் வந்த ஒரு வாரத்துக்குள் நிர்வாக நீதிமன்றத்தில் அவசரத் தடை மனு போட்டிருந்து, அது ஏப்ரல் 20 அன்று தள்ளுபடியானால், 6 மாதம் அன்றிலிருந்து புதிதாக ஓடும்: அக்டோபர் 20. வழக்கறிஞரைக் கேட்காமல் இந்தத் தேதியை யாரும் முடிவு செய்யக் கூடாது.

2. வேறு வழி தீர்ந்ததா என்று பார்த்தல். அடைக்கலம் கடைசிப் படி. மேல்முறையீடு, மருத்துவக் காரணம், குடும்ப இணைப்பு எதுவும் மிச்சமிருந்தால் முதலில் அது.

3. சபைத் தீர்மானம். போதகரோ பங்குத்தந்தையோ தனியாக முடிவெடுப்பது சரிப்படாது. மூப்பர் குழுவோ பங்குப் பேரவையோ கூடி வாக்கெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். துறவு மடத்தில் மடத் தலைவரின் முடிவு.

4. இடம். திருச்சபைக்குச் சொந்தமான கட்டடமாக இருக்க வேண்டும்: சபை மண்டபம், போதகர் இல்லத்தின் மாடி, மடத்து விருந்தினர் அறை. படுக்கை, சமையல், குளியல் மூன்றும் உள்ளேயே இருப்பது அவசியம். சபை அங்கத்தினர் ஒருவரின் சொந்த வீடு இந்த ஏற்பாட்டுக்குள் வராது.

5. அன்றே அறிவித்தல். ஆள் உள்ளே வந்த நாளிலேயே பெயர், பிறந்த தேதி, கோப்பு எண், தங்கும் முகவரி ஆகியவற்றை பாம்ஃபுக்கும் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும், தன் திருச்சபையின் தொடர்பாளருக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கான அத்தாட்சியைக் கோப்பில் வைக்க வேண்டும்.

6. ஒரு மாதத்துக்குள் விளக்க மனு. இதைப் பற்றித் தனியே கீழே.

7. அன்றாடம். உணவு, உடை, மருந்து, தொலைபேசி எல்லாமே பெரும்பாலும் சபையின் காணிக்கையிலிருந்து. அரசு உதவித்தொகையும் மருத்துவச் சீட்டும் நடைமுறையில் நின்றுபோவதால், கட்டணமின்றிப் பார்க்கும் மருத்துவர் ஒருவரையும் பல் மருத்துவர் ஒருவரையும் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. பல்வலி எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும்.

8. வளாகத்தைத் தாண்டாதிருத்தல். தோட்டம் சபையின் நிலமென்றால் அங்கே நடக்கலாம். கேட்டுக்கு வெளியே தெருவில் கால் வைத்தால் போலீஸ் பிடிக்கலாம். அடைக்கலம் மனிதரோடு கூடவே நடந்து வருவதில்லை.

விளக்க மனுவில் எது எடுபடும்

2015 பிப்ரவரியில் பாம்ஃபும் புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கம் ஆகிய இரு பெரிய திருச்சபைகளும் ஒரு நடைமுறைக்கு உடன்பட்டன. சபை தன் தொடர்பாளர் வழியாக ஒவ்வொருவருக்கும் விளக்க மனு அனுப்பும்; அசாதாரணத் துன்பம் என்று நிரூபணமானால், டப்ளின் விதியின் 17ஆம் பிரிவு தரும் விருப்புரிமையைப் பயன்படுத்தி ஜெர்மனியே வழக்கை எடுத்துக்கொள்ளலாம். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான மனுக்கள் ஏற்கப்பட்டன. பிறகு அந்த விகிதம் சரிந்து, ஏற்கப்படுபவை மிகச் சிலவாகிவிட்டன.

பலவீனமான மனு எப்படி இருக்கும்? பல்கேரியாவில் முகாம்கள் மோசம், குரோஷியாவில் போலீஸ் அடிக்கிறது என்று பொதுவாக எழுதியிருக்கும். உண்மையாகவே இருந்தாலும் அது அந்த நாட்டில் உள்ள எல்லோருக்கும் பொருந்தும் வாதம் என்று ஒதுக்கப்படும். எந்த மாதம், எந்த இடத்தில், இவருக்கு என்ன நேர்ந்தது, அதன் தடயம் உடலில் எங்கே இருக்கிறது, திரும்பப் போனால் எந்தச் சிகிச்சை அறுந்துபோகும் என்று எழுத வேண்டும்.

மருத்துவச் சான்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெளிநாட்டவர் தங்குவது பற்றிய ஜெர்மன் வதிவிடச் சட்டத்தின் 60அ பிரிவு சான்றுக்கு ஒரு படிவத்தையே வகுத்திருக்கிறது: எந்தத் தகவலின் மேல் மதிப்பீடு செய்யப்பட்டது, எந்த முறையில் சோதித்தார், நோயின் பெயர், தீவிரம், இலத்தீன் பெயரோ பன்னாட்டு நோய்க் குறியீடோ, கவனிக்காவிட்டால் என்ன ஆகும். 2019 முதல் இதைத் தருபவர் மருத்துவராகவே இருக்க வேண்டும். உளவியல் ஆலோசகர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கூட இருந்து பார்த்து எழுதிய பத்துப் பக்கக் கடிதத்தைவிட, மனநல மருத்துவரின் இரண்டு பக்கச் சான்று அங்கே எடை கூடியது. நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் மனு எழுதுகிறவர் அதைத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும்.

தங்குவதும் ஒளிவதும்: ஆறா, பதினெட்டா

2018 ஆகஸ்டில் அரசு இறுக்கியது. மனு ஒரு மாதத்துக்குள் வராவிட்டாலோ, மறுக்கப்பட்ட பிறகு 3 நாளுக்குள் ஆள் வெளியேறாவிட்டாலோ, அவர் தலைமறைவானவர் என்று கொண்டு கெடுவை 18 மாதமாக்கியது பாம்ஃப். ஒன்றரை ஆண்டு ஒரு குடும்பத்தை மண்டபத்துக்குள் வைத்திருக்க எத்தனை சபைகளால் முடியும்? எண்ணிக்கை குறைந்தது.

நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. முகவரி தெரிந்த ஒருவர் எப்படித் தலைமறைவாவார் என்பதே கேள்வி. அரசு நுழைய முடியாமல் இல்லை, நுழைய வேண்டாமென்று முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவின் விளைவை அகதியின் தலையில் கட்டக் கூடாது. 2020 ஜூனில் கூட்டரசு நிர்வாக உச்ச நீதிமன்றமும் இந்தப் பக்கமே நின்றது. 2021 தொடக்கத்தில் பாம்ஃப் 6 மாதத்துக்குத் திரும்பியது. அதன்பின் எண்ணிக்கை ஏறியது: 2023இல் 2,065 அறிவிப்புகள், 2024இல் 2,386.

மேலே 5ஆம் படியை ஏன் அத்தனை அழுத்திச் சொன்னோம் என்பது இங்கே விளங்கும். அறிவிப்பு மூன்று நாள் தாமதமாகி, அந்த மூன்று நாளுக்குள் அவர் முன்பு தங்கியிருந்த முகாமுக்குப் போலீஸ் வந்து ஆளைக் காணாமல் திரும்பினால், தலைமறைவு என்று எழுத அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். வேறு கோளாறுகளும் உண்டு. கணவன், மனைவி, வயதுவந்த மகன் ஆகியோருக்கு வெவ்வேறு கெடு இருக்கலாம். தாய்க்கு முடிந்துவிட்டது என்று எல்லோரும் வெளியேறினால் மகன் பிடிபடுவான். சொந்த நாட்டுக்கே திருப்பியனுப்பும் உத்தரவு உள்ளவருக்கு 6 மாதக் கணக்கே பொருந்தாது; அவருக்குக் கெடு இல்லை, ஆகவே முடிவும் இல்லை. மாநிலத்தின் கடின நிலை ஆணையத்திடம் (விதிவிலக்காகத் தங்க அனுமதி பரிந்துரைக்கும் குழு) போவதோ புதிய ஆதாரத்தோடு மறு விண்ணப்பமோதான் வழி. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் நல்ல மனத்தோடு கதவைத் திறந்த சபை, ஆண்டுக்கணக்கில் முடிவு தெரியாமல் மாட்டிக்கொள்ளும்.

போலீஸ் நுழைந்த ஊர்களும் நீதிமன்றம் ஏறிய துறவிகளும்

யாரை எங்கே அனுப்புவது என்று உத்தரவிடுவது கூட்டரசு அலுவலகம். கதவைத் தட்டுவது மாநில அதிகாரிகளும் போலீசும். ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடும். 2023 ஜூலையில் நெட்டெட்டால் நகரின் லோபெரிஹ் பகுதியில் ஈராக்கியத் தம்பதியைச் சபை இடத்திலிருந்து கொண்டுபோனார்கள். எதிர்ப்பு எழுந்தபின் போலந்துக்கு அனுப்புவது கைவிடப்பட்டது. 2024 மே மாதம் லோயர் சாக்சனியின் பீனன்பியூட்டலிலிருந்து ஒரு ரஷ்யக் குடும்பம் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஹாம்பர்கின் ஒரு கத்தோலிக்கப் பங்கிலிருந்து ஓர் ஆப்கானியர் சுவீடனுக்கு அனுப்பப்பட்டார். இவை சட்டமீறல்கள் அல்ல, வழக்கமீறல்கள். திருச்சபைகள் கோபப்பட்டதும் அரசு 'எங்களுக்கு அதிகாரம் உண்டு' என்றதும் இரண்டுமே சரியாக இருக்க முடிவது அதனால்தான்.

அடைக்கலம் கொடுப்பவர் மேல் வழக்கு வருமா? பவேரியாவில் வந்தது. அனுமதியின்றித் தங்குவதற்கு உடந்தை என்பது குற்றச்சாட்டு. மூன்ஸ்டர்ஷ்வார்சாக் பெனடிக்டின் மடத்துத் துறவி ஒருவர் 2021இல் விடுதலையானார். 2022 பிப்ரவரியில் பவேரிய உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மனு மறுக்கப்பட்ட பிறகு விருந்தாளியை வெளியே தள்ளும் கடமை துறவிக்கு இல்லை என்பது அதன் சாரம். அதற்காக, இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று சபையாரிடம் உறுதி சொல்லிவிடக் கூடாது. விசாரணைக் கடிதம் வீட்டுக்கு வரலாம் என்பதைத் தீர்மானத்துக்கு முன்பே சொல்வதுதான் முறை.

வேறு நாடுகளில்

நெதர்லாந்தில் நிலைமை தலைகீழ். அங்கே வழிபாடு நடக்கும்போது அதிகாரிகள் உள்ளே நுழையக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஹேக் நகரின் பெத்தேல் ஆலயம் ஆர்மீனியக் குடும்பம் ஒன்றுக்காக 2018 அக்டோபர் 26 முதல் 2019 ஜனவரி 30 வரை, 96 நாள் இரவும் பகலும் ஆராதனையை நிறுத்தவில்லை. நாடெங்குமிருந்து நூற்றுக்கணக்கான போதகர்கள் முறைவைத்து வந்து நடத்தினார்கள். அரசு இறங்கிவந்து, நெதர்லாந்தில் வளர்ந்த பல குழந்தைகளின் கோப்புகளை மறுபடி பார்க்க ஒப்புக்கொண்டது.

பிரிட்டனில் முடிவு வேறு. விராஜ் மெண்டிஸ் ஒரு சிங்களர். தமிழரின் உரிமைக்காகக் குரல் கொடுத்ததால் இலங்கை திரும்பினால் உயிர் தங்காது என்றார். 1986 டிசம்பர் முதல் மான்செஸ்டரின் ஹியூம் பகுதி ஆலயத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் தங்கினார். 1989 ஜனவரி 18 அன்று போலீஸ் ஆலயத்தை உடைத்து நுழைந்தது. அவரை விமானத்தில் ஏற்றினார்கள். அவருக்குப் பின்னால் கெடு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அரசு விரும்பிய நாள் வரை காத்திருக்கலாம், காத்திருந்தது. பின்னர் அவர் ஜெர்மனியின் பிரேமன் நகரில் வாழ்ந்து அகதிகளுக்காகப் பணியாற்றினார்.

2026இன் புதிய விதி

டப்ளின் விதியின் இடத்துக்கு 2024/1351 எண் கொண்ட ஒழுங்குவிதி வருகிறது. 2026 நடுவில் நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டது. 6 மாதக் கெடு அப்படியே இருக்கிறது. தலைமறைவானவருக்கு 18 மாதம் என்பது 3 ஆண்டாகிறது. அனுப்பும்போது உடல்பலத்தால் எதிர்ப்பவருக்கும், வேண்டுமென்றே பயணத்துக்குத் தகுதியற்றவராக ஆக்கிக்கொள்பவருக்கும் அதே 3 ஆண்டு. கைரேகை எடுக்கும் வயது 14இலிருந்து 6க்கு இறங்குகிறது.

தலைமறைவு என்றால் என்ன என்பதை இந்த விதி வரையறுக்கிறது: தன் கைக்கு மீறிய காரணம் எதுவுமின்றி அதிகாரிகளுக்குக் கிடைக்காமல் போவது. முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் 'கிடைக்காமல்' போனவரா? 2020 தீர்ப்பின் தர்க்கம் இல்லை என்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு பழைய விதியின் கீழ் வந்தது. புதிய வரையறையை வைத்து வாதாடும் முதல் வழக்குகளில் நீதிபதி முதலில் கேட்கப்போகும் தாள், ஆள் உள்ளே வந்த நாளில் சபை அனுப்பிய அறிவிப்பும் அது சேர்ந்ததற்கான அத்தாட்சியும்தான்.